இரண்டாம் பாகத்தில் வந்த அக்கா

பல் டாக்டரின் மருத்துவமனையில் பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஈ காக்காய் இருக்காது. டாக்டர் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட வீட்டுக்குப் போய்விடுவார். அந்த மூன்று மணி நேரத்தில்தான், வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கா தங்கை இருவரில் பெரியவள் தன் முதல் நாவலை எழுதினாள். மேலே நோயாளிகளின் பதிவேடு, அதற்கு அடியில் கோடு போட்ட நோட்டு. யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினால் நோட்டு மறைந்துவிடும்.

"டாக்டர் நாலு மணிக்குத்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கமா எதையும் மெல்லாதீங்க" என்பாள். பதினாறு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே தொனியில் சொல்லுவாள்.

நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்கு இருதய நோய், தங்கை படிக்க வேண்டும், தங்கைக்கு முதலில் ஆகட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததில், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது அம்மா இல்லை. வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். சின்னவள் எட்டு வயது இளையவள். இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அந்தக் கையைச் சட்டையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் தேய்ப்பாள். கடையில் அவள் தேய்த்த சட்டைகளைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கிப் போவார்கள்.

பெரியவள் எழுதிய கதை முதலில் செல்போன் செயலி ஒன்றில் வாரா வாரம் வந்தது. புனைபெயரில். ஒரு பெண்ணை ஒரு பணக்காரன் தன் மாளிகையில் அடைத்து வைக்கிறான். முரடன். ஆனால் நெஞ்சுக்குள் சின்ன வயதுக் காயம். வாசகிகள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டிக்கொண்டே, அடுத்த வாரம் எப்போது வருமென்று கேட்டார்கள். ஒரு பதிப்பாளர் தேடிப் பிடித்துப் பேசினார்.

"இதுக்குப் பேரு டார்க் ரொமான்ஸும்மா. இப்ப இதுதான் பிச்சுக்கிட்டுப் போகுது. மூணு பாகமா போடலாம். முதல் பாகத்துல அடைச்சு வைக்கிறான். ரெண்டாவதுல இவ அவன் காயத்தைப் புரிஞ்சுக்கிறா. மூணாவதுல கல்யாணம்."

அவள் சந்தோஷத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். முதல் பாகம் வந்த வேகத்தில் தீர்ந்து, மறுபடியும் அச்சாயிற்று.

பெரியவள் கற்பனையில் எழுதியது மாளிகையை மட்டும்தான். மற்றதெல்லாம் தங்கையுடையது. சின்னவளின் புருஷன் வேலைக்குப் போகும்போது அவளை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவான். போனைப் பிடுங்கிக்கொள்வான். நாள் முழுக்கக் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். மூன்றரை வருடம். சின்னவள் திரும்பி வந்த பிறகும் இதை உட்கார்ந்து கோர்வையாகச் சொன்னதில்லை. துணி மடிக்கும்போது ஒன்று, பாத்திரம் கழுவும்போது ஒன்று என்று எப்போதாவது வாயிலிருந்து விழும். பெரியவள் ஒன்றையும் கீழே விடாமல் பொறுக்கிச் சேர்த்தாள். தங்கைக்கு நாவல் படிக்கும் பழக்கம் இல்லை என்ற தைரியம்.

ஆனால் சலவைக் கடையில் சாப்பாட்டு வேளையில் ஒருத்தி சத்தம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். சின்னவளும் ஒருநாள் கேட்டாள். அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவள் சமையல் மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீ எழுதினதா?"

பெரியவள் நறுக்கிய வெங்காயத்தையே மறுபடியும் நறுக்கினாள்.

"மூடி உடைஞ்ச பச்சை பாட்டில்னு போட்டிருக்க. அதை நான் உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"குட்டி... நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"பரவால்ல. நல்லாத்தான் எழுதியிருக்க. எங்க கடையில ரெண்டு பேரு அழுதாங்க." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா செத்துட்டாங்க. சரி. அக்கா எங்க போனா?"

கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பெரியவள் கத்தியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

அந்தக் கேள்வியின் எடை அந்த வீட்டில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். கல்யாணமான ஏழாம் மாதம் சின்னவள் ஒருமுறை தப்பி வந்திருந்தாள். கட்டின துணியோடு, கைப்பைகூட இல்லாமல். "அக்கா, அவன் என்னைப் பூட்டி வைக்கிறான்" என்றாள். பெரியவள் சாப்பாடு போட்டாள், தலைவாரி விட்டாள். உள்ளறையில் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மாலைக்குள் அவன் வந்து நின்றான். கூடத்தில் உட்கார்ந்து, பெரியவளின் காலைத் தொட்டு, குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். அன்பு அதிகமாகிப் போனதில் புத்தி கெட்டுவிட்டது என்றான். பெரியவள் நம்பினாள். நம்புவதுதான் அப்போது சுலபமாக இருந்தது. மறுநாள் அவளே தங்கையைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போ குட்டி, அம்மா தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம். இடையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சாவுக்குக்கூட அவன் சின்னவளை அனுப்பவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்தபோது அந்த இரண்டு விரல்களும் ஏற்கெனவே மடங்காமல் போயிருந்தன.

இரண்டாம் பாகத்தில் தொண்ணூறு பக்கம் எழுதியாகியிருந்தது. கதாநாயகன் மழையில் நின்று அழுகிற இடம் வரை வந்திருந்தாள். அதை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தாள். புது நோட்டு எடுத்தாள். மாளிகை ஒரு சாதாரண வாடகை வீடாகச் சுருங்கியது. அவனுடைய சின்ன வயதுக் காயத்தை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் தப்பி ஓடி ஒரு கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறப்பது அவளுடைய அக்கா.

அது வரைக்கும் பேனா ஓடியது. வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் அக்கா என்ன சொன்னாள் என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றது. "அனுசரிச்சுப் போ" என்ற இரண்டு சொல்லை எழுத நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் டாக்டர் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். அவள் கன்னத்தில் கைவைத்து அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"பல்லு வலியா? பதினாறு வருஷமா இங்க உக்காந்துட்டு என்கிட்ட சொல்ல மாட்டியா? வா உள்ள."

அவள் மறுப்பதற்குள் நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே! எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா நான் கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

வாயைத் திறந்தபடியே அவள் அழுதாள். அவர் பயந்துபோய் அன்றைக்கு விடுமுறை கொடுத்து அனுப்பினார்.

முடித்ததும் நோட்டைப் பதிப்பாளருக்கு அனுப்பவில்லை. தங்கையின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வாரம் அந்த வீட்டில் சோறு வேண்டுமா, தண்ணீர் வந்ததா என்பதற்கு மேல் பேச்சில்லை. எட்டாம் நாள் சின்னவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டிருந்தாள்.

"அன்னிக்கு மழை பெய்யல. நல்ல வெயில். நீ குடை கொண்டு வந்திருந்த. எனக்கும் சேத்துப் பிடிச்ச."

"அப்படியா?"

"இன்னொண்ணு. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி அக்கா திரும்பிப் பாத்துக் கைகாட்டினான்னு எழுதியிருக்க. நீ திரும்பிப் பாக்கல. நான் தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பெரியவள் பொய் எழுதவில்லை. கை காட்டியதாகத்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை வருடமும் அந்தக் கை அசைப்பை அவள் மனத்துக்குள் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடக்கவே இல்லை என்று இப்போது தெரிந்தது.

"உனக்கு என்மேல கோவமா குட்டி?"

"கோவம்னா ஒரு சண்டை போட்டுத் தீத்துக்கலாமேக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் மழையை எடுத்தாள். கை காட்டியதையும் எடுத்தாள். பிரதி பதிப்பாளருக்குப் போனது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஹீரோ எங்கம்மா? இருநூத்திச் சொச்சம் பக்கத்துல அவன் பதினோரு பக்கம்தான் வரான். வந்தாலும் மூஞ்சியே தெரியல. யாரு இந்த அக்கா? முதல் பாகத்துல இல்லவே இல்லையே."

"இருந்தா சார். நான்தான் எழுதல."

"வாசகிங்க அவளைச் செருப்பால அடிப்பாங்க."

"அடிக்கட்டும் சார்."

தேதி அறிவித்தாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் அச்சடித்தார். அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவனையே போட்டார். வாசகிகள் ஏமாந்தார்கள். ஏமாந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இழுவை என்றார்கள். காதல் எங்கே என்றார்கள். ஒருத்தி, "அடுத்த பாகத்தில் அந்த அக்காவைக் கொன்றுவிடுங்கள், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது" என்று எழுதியிருந்தாள். பெரியவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தாள். அதில் தவறு என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்த மாதக் கடைசியில் சின்னவள் ஒரு பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள்.

"எங்க தங்குவ?"

"ரூம் பாத்துட்டேன்."

"நான் வந்து பாத்து எல்லாம் ஒழுங்கு பண்ணிக் குடுத்துட்டு வரேன்."

"வேணாங்க்கா. நானே போய்க்கறேன்."

பெரியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனாள். சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "மாசம் முதல் ஞாயிறு வேணும்னா வா. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்து பேசலாம்" என்றாள். விலாசம் சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை எந்த நாளில் தொலைத்தாள் என்பது அவளுக்கே தெரியும்.

மூன்றாம் பாகத்தை அவள் எழுதவில்லை. அதற்காக அது நின்றுவிடவில்லை. அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் தொடரின் தலைப்பும் புனைபெயரும் பதிப்பகத்துக்கே என்று இருந்தது. பதிப்பாளர் வேறு யாரையோ வைத்து எழுதி வாங்கினார். அவளுடைய பேரில் அவள் எழுதாத புத்தகம் வந்தது. அதில் முதல் அத்தியாயத்திலேயே அக்கா லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தங்கை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மன்னிச்சுட்டேன் அக்கா" என்று கதறுகிறாள். அக்கா சிரித்தபடி கண்ணை மூடுகிறாள். இரண்டே பக்கம். பிறகு மாளிகை, காயம், கல்யாணம் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. புத்தகம் சக்கைப்போடு போட்டது.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெரியவள் அந்த இரண்டு பக்கத்தை நான்கு தடவை படித்தாள். மட்டமான எழுத்து என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஐந்தாம் தடவை புரட்டப் போனபோது ஒருவர் வீங்கின தாடையோடு வந்து நின்றதால் மூடி வைத்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிறுச் சந்திப்புகள் நடந்தன. இரண்டு மணி நேரப் பயணம். ஒரு டீ, சில நாள் இரண்டு டீ. சின்னவள் வேலையைப் பற்றிப் பேசுவாள். மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகள், தண்ணீர் நின்றுபோனால் படும் பாடு, மேற்பார்வையாளரின் குறட்டை. டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்த கதையைப் பெரியவள் சொன்னபோது சின்னவள் டீ புரையேறும் வரை சிரித்தாள். அப்படிச் சிரித்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். எதற்காக அழுதாய் என்று மட்டும் கேட்கவில்லை.

ஒன்றேகால் வருடத்தில், அந்த அறைக்கு இரண்டு ஜன்னல் இருக்கிறது என்பதும், மாடியில் இருக்கிறது என்பதும் பெரியவளுக்குத் தெரிந்திருந்தன. அவ்வளவுதான்.

போன முறை போனபோது சின்னவள் தானாகவே ஒரு விஷயம் சொன்னாள்.

"உன் ரெண்டாவது புத்தகத்தை எங்க வேலையில ஒருத்திக்குக் குடுத்தேன்."

"அது உன்கிட்ட இருக்கா?"

"இருந்துச்சு. அவ வாங்கிட்டுப் போயி ரெண்டு மாசமாச்சு, திருப்பித் தரல. ஒருநாள் லீவு போட்டுட்டு அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அது ஏன்னு நான் கேக்கல."

"வேற ஒண்ணு கொண்டுவந்து தரட்டுமா? வீட்ல நிறைய கிடக்கு."

சின்னவள் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேணாம். எனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

பஸ் வந்து நின்றது. நடத்துனர் ஊர்ப் பெயரைக் கத்த ஆரம்பித்தார். பெரியவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த மாசம் வரட்டுமா?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

"வா" என்றாள் சின்னவள்.