பக்கத்து மேசை பிரேக்

ஷாமிர்பெக் பல்செட் செய்கிறவர். பிஷ்கெக் நகரில் ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் அவருடைய வேலை. நோயாளி செட்டை மாட்டிக்கொண்டு நீலத்தாளைக் கடித்துக் காட்டுவார். கறை அழுத்தமாக விழுந்த பல்லை இவர் ஒரு மயிரிழை ராவுவார். ராவியதும் கறை வேறொரு பல்லுக்குப் போகும். அதையும் ராவுவார். எங்கே நிறுத்துவது என்று அவருக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. ராவி ராவி, பேசும்போதே கழன்று விழுகிற செட்டுகளும் அவர் கையிலிருந்து வந்ததுண்டு. அப்போது முகம் சுளிக்காமல் இன்னொன்றைப் புதிதாகச் செய்து கொடுப்பார். அதனால்தான் வேலை நிலைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கை ரிமோட் ரேஸ் கார்களுக்குப் போய்விடும். பழைய தையல் ஆலையின் கூடத்தில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு காரின் வயிற்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்பீட் கன்ட்ரோலர். மோட்டாருக்கு மின்சாரம் எவ்வளவு வேகமாகப் பாய வேண்டும், விசையை விட்டதும் கார் தானாக எவ்வளவு பிரேக் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எண்களாக இருக்கும். முன்பெல்லாம் அவற்றை மாற்ற ஒரு தனி அட்டையைச் செருக வேண்டும். இப்போது போனிலிருந்தே மாற்றலாம். அட்டை இருந்தவரை தன் கணவர் கொஞ்சமாவது தூங்கினார் என்று நூரிபா சொல்வார்.

வசந்தத்தில் அடுத்த நாட்டு அல்மாட்டி நகரில் நடக்கும் பந்தயத்துக்குக் கிளப்பிலிருந்து இன்னும் ஓர் இடம்தான் மிச்சம். நாலு வருஷமாக அந்த இடத்தை ஷாமிர்பெக் கடைசி நாளில் தவறவிட்டு வருகிறார். நாலு முறையும் கடைசி நேரத்தில் எதையாவது மாற்றித்தான். இந்தத் தடவை போட்டி அவருக்கும் இல்கிஸுக்கும். மற்றவர்களும் கூடவே ஓடுவார்கள்; மூன்று ஓட்டத்தில் இந்த இருவரில் இரண்டு முறை முந்துகிறவர் போகலாம். இல்கிஸ் டாக்ஸி ஓட்டுகிற இளைஞன். அவன் மேசை இவர் மேசைக்கு ஒட்டினாற்போல் இருந்தது.

முதல் ஓட்டத்தில் ஷாமிர்பெக் முந்தினார். சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் விசையை விட்டபோதெல்லாம் காரின் பின்பக்கம் லேசாக வழுக்கியது அவர் கண்ணை உறுத்தியது.

"பிரேக் கூட இருக்கு. பன்னெண்டு வச்சிருக்கேன். எட்டுக்கு இறக்கிட்டா…"

"ஜெயிச்ச வண்டிங்க அது," என்றார் நூரிபா, தெர்மாஸிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டே. "அதத் தொடாதீங்க. சம்சா ஆறுது, சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. ஓடி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு ஓடுபாதை முனைகளில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். நிற்காதவரின் ஓட்டத்தைப் பந்தய நடத்துநர் லூபா யோசிக்காமல் கணக்கிலிருந்து அடித்துவிடுவார். ஷாமிர்பெக் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு மேசைகளுக்கு அருகிலிருந்த மூன்றாம் முனைக்குப் போனார். விசிறி சுற்றி மோட்டார் ஆறட்டும் என்று காரின் சுவிட்சை அணைக்காமலே விட்டிருந்தார். போன் பைக்குள் இருந்தது.

பந்தயம் பாதி ஓடுவதற்குள் அது கைக்கு வந்துவிட்டது. திரையில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தது. இல்கிஸும் அதே கன்ட்ரோலர்தான் வைத்திருந்தான்; அவன் காரும் பக்கத்து மேசையில் சுவிட்ச் அணைக்காமல்தான் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் அந்தக் கூடத்தில் யாருமே மாற்றியதில்லை. ஷாமிர்பெக் மேலே இருந்ததைத் தொட்டார். பிரேக் கட்டத்தில் இருந்த பன்னிரண்டை அழித்து எட்டு என்று போட்டார். புறப்படும் இழுப்பையும் ஒரு படி குறைத்தார்.

"மூணாவது முனை! தூங்குறியா ஷாமிர்?" ஒலிபெருக்கியில் லூபா.

அவர் காலடியில் ஒரு கார் கவிழ்ந்து கிடந்தது. சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, திரையைப் பார்க்காமலே போனைப் பைக்குள் திணித்துக்கொண்டு குனிந்தார்.

இரண்டாம் ஓட்டத்தில் கார் முன்பு போலவே வழுக்கியது. கொஞ்சமும் மாறவில்லை. இல்கிஸின் காரோ கொண்டை ஊசி வளைவில் தண்டவாளத்தில் போவதுபோல் திரும்பியது. அவரை இரண்டு தடவை உள்பக்கமாகத் தாண்டிப் போய் ஜெயித்தது.

"என்னன்னே தெரியல அண்ணே," என்றான் இல்கிஸ், மேசைக்குத் திரும்பியதும். "கார்ப்பெட் சூடேறிடுச்சு போல. வண்டி தானா திரும்புது. நான் சும்மா நின்னுட்டிருந்தேன்."

ஷாமிர்பெக் போனைத் தன் காரின் மேல் வைத்து, சிக்னல் வலுவாகக் காட்டிய பெயரைத் திறந்து படித்தார். பன்னிரண்டு. பட்டியலில் கீழே இருந்ததுதான் அவருடையது.

அடுத்தவன் காரைக் கேட்காமல் தொடுவதைப்போல அந்தக் கூடத்தில் அவமானமான செயல் வேறில்லை. சென்ற ஆண்டு ஒருவன் பக்கத்து மேசைக் காரின் திருகாணியைத் தொட்டதற்கே அவனோடு யாரும் பேசுவதை விட்டிருந்தார்கள். விரலை ஒருமுறை வைத்தால் இல்கிஸின் எண்ணைப் பழையபடி ஆக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அதுவரை நடந்தது கைத்தவறு. அந்த விரலுக்குப் பிறகு அது திருட்டு. பேசாமல் தன் காருக்கும் எட்டு போட்டுக்கொண்டு சமமாக ஓடலாம். இதில் குற்றம் எங்கே என்று அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை. காட்ட முடியாததே அவரை இன்னும் கலக்கியது.

நூரிபாவின் காதோரம் குனிந்து சொன்னார். நூரிபா சம்சாவை மெல்லுவதை நிறுத்தினார்.

"உங்க வண்டியத் தொடாதீங்கன்னு சொன்னேன். அடுத்தவன் வண்டியத் தொடாதீங்கன்னு தனியா சொல்லணும்னு எனக்குத் தோணல."

"லூபாகிட்ட சொன்னா வெளிய அனுப்பிடுவா."

"அனுப்பட்டும். சொல்லாம வீட்டுக்கு வந்தா ராத்திரி பூரா என்கிட்டதான சொல்லுவீங்க."

அவர் முதலில் இல்கிஸிடம் போனார். நடந்ததைச் சொன்னார். இல்கிஸ் தன் போனைத் திறந்து பார்த்தான்.

"எட்டா?" என்றான். "நாலு வருஷமா கேக்குறேன் அண்ணே, என்ன நம்பர்ல ஓட்டுறீங்கன்னு. ஒரு தடவயாவது சொல்லியிருக்கீங்களா? கடைசில திருட்டுத்தனமா வந்து வச்சிட்டுப் போயிருக்கீங்க."

"பழையபடி மாத்திக்க தம்பி. உன் வண்டி."

"மாத்துறதா? பைத்தியமா எனக்கு?"

அவன் சிரிக்கவில்லை. கோபம் இருந்ததா என்றும் தெரியவில்லை. "லூபா அக்காகிட்ட வாங்க," என்று மட்டும் சொன்னான்.

லூபா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் கேட்டார். "உன் வண்டியக் கெடுத்துக்குறது உன் உரிமை ஷாமிர், பல வருஷமா பாத்துட்டிருக்கேன். இவன் வண்டிய நல்லா ஆக்குனதுக்கு என்ன தண்டனைன்னு விதில இல்ல. ஆனா தொட்டது தொட்டதுதான். கடைசி ஆளா புறப்படு. போன இங்க வை. இனிமே எதையும் மாத்தக்கூடாது."

"என் வண்டி பன்னெண்டுல இருக்கு அக்கா."

"இருக்கட்டும்."

இப்படி, தன் எண் சரிதான் என்று வேறொருவன் காரில் நிரூபணமான நாளில், தான் நம்பாத எண்ணோடு ஷாமிர்பெக் ஓட்டுநர்கள் நின்று ஓட்டும் மேடையில் ஏறினார். விசையை அடியோடு விட்டால் வால் வழுக்கும். ஆகவே வளைவுகளில் அடியோடு விடாமல், விரலைப் பாதியில் தாங்கியே ஓட்டினார். மாற்றுவதற்கு எதுவும் இல்லாதபோது விரல் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பயம் குறைந்ததென்று சொல்ல முடியாது. கவனிக்க நேரமில்லாமல் போயிற்று. கடைசியிலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி, முடிவுக் கோட்டில் இல்கிஸின் பின்சக்கரத்தை எட்டிப் பிடித்தார். முன்சக்கரத்தை எட்டவில்லை.

அல்மாட்டிக்கு இல்கிஸ் போகிறான். லூபா திருப்பிக் கொடுத்த போனை நூரிபா வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. மினிபஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது இல்கிஸ் டாக்ஸியைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"ஏறுங்க அண்ணே. அக்கா, நீங்களும்."

இருவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் இல்கிஸ் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டான்: "அல்மாட்டி கார்ப்பெட் இதவிட வழுக்கும்னு சொல்றாங்க. அங்க என்ன வைக்கலாம்?"

ஷாமிர்பெக் முதல் முறையாக ஒருவரிடம் சொன்னார்: "ஆறு."

வீட்டு வாசலில் இறங்கி, டாக்ஸி முனை திரும்பும்வரை நின்றார். ஆறு கம்மியோ. முதல் வளைவிலேயே வெளியே போய்விடுவானோ. ஏழு என்று சொல்லியிருக்க வேண்டும்.

"போனக் குடு," என்றார்.

"காலைல," என்றார் நூரிபா. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படியேறினார்.