அடாப்டர் தகடு

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர் அவர். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். மகனுடையது என்று ஒரு ஜோடி ரேஸ் ஷூவை என் சைக்கிள் கடைக்குக் கொண்டுவந்து, பனியன் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். ஷூவின் அடியில் மூன்று துளை. ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட் என்ற கொக்கிக்கோ இரண்டு. இரண்டையும் இணைக்க நடுவே அடாப்டர் தகடு வேண்டும். வரவழைத்துப் பூட்டினேன்.

“பையன் வந்து போட்டுப் பாக்கட்டுங்க.”

“அவன் தவறி வருசமாச்சுங்க. ஷூ பெடல்லயே நிக்கோணுமுங்க. கீழ கெடந்தா மனசு கேக்கலீங்க.”

பிறகொரு நாள் அவர் வீட்டைக் கடந்தபோது கேட் வழியே பார்த்தேன். ஸ்டாண்டில் சைக்கிள் நின்றது. பெடல்களில் வெறும் ஷூக்கள். இடது ஷூ மேலே இருந்தது.

மறுவாரம் வலது ஷூ மேலே இருந்தது. யார் மிதித்தது என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.