வாலுக்குப் பின்னால்

யாராவது பேயைப் பார்த்தேன் என்றால், ‘எத்தனை பீர் உள்ளே போயிருந்தது?’ என்று கேட்கிற ஆள் நான். அன்று காலை என் வயிற்றில் இருந்தது அரை வாழைப்பழம். நேரம், இடம் எல்லாம் நடந்தபடியே தருகிறேன். அப்புறம் உங்கள் பாடு.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. கடைசியாக ஓடி இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஆனால் பார்பிக்யூ அடுப்பைச் சுற்றி நின்று பேசும்போது மட்டும் நான் இன்றும் மாவட்டச் சாம்பியன். போன மாதம் டாக்டர் என் இதயத்தின் படத்தைக் காட்டி, “ராட்னி, எழுந்து ஓடுங்க. இல்லேன்னா ஒரேயடியாப் படுத்துடுவீங்க” என்றார். அதனால்தான் போனேன்.

ஜூலை மாதம், எங்களுக்குக் குளிர்காலம். சனிக்கிழமை. எங்கள் குவீன்ஸ்லாந்துக் கடலோர ஊரில் சனி தவறாமல் காலை ஆறு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. அலையாத்திக் காட்டுக்குள் போகிற மரப்பலகைப் பாதை. இரண்டரை கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற அகலம். இரு பக்கமும் கம்பித் தடுப்பு. கீழே சேறு, ஏறிக்கொண்டிருக்கும் கடல் தண்ணீர். நடுவில் இறங்க வழியே கிடையாது.

அன்று கும்மிருட்டு. மூடுபனி. ஓட்டத்தை நடத்துகிற டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாற்பத்தேழு பேருக்கு ஒலிபெருக்கி வைத்துப் பேசுவார்.

“நண்பர்களே! ஓட்டம் என்பது உள்ளத்தின் யாத்திரை...”

“டெஸ், உள்ளத்துக்குக் குளிருது. விசிலை ஊதுய்யா” என்றாள் நேரம் குறிக்கிற நோலீன். இருந்தும் யாத்திரை எட்டு நிமிடம் நீண்டது.

எங்கள் ஓட்டத்தில் ஒரு வழக்கம். கடைசியாக வந்தோமே என்று யாரும் கூசிப்போகக் கூடாது. அதற்காக ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்தே வருவார். அவருக்குப் பெயர் ‘வால்’. எப்போதும் வால்தான் கடைசி.

6:08க்கு விசில். 6:12க்கு என்னைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடிய பெண்கூட மறைந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி எதிரே வந்தார்கள்.

“சூப்பரா போறே, மேட்!” என்றான் ஒருவன். நான் அப்போது கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

6:31க்குக் கடைசி ஆளும் என்னைத் தாண்டிப் போனான்.

அமைதி.

அப்புறம் அந்தச் சத்தம். டக்... டக்... டக்... பின்னால், இருபது அடி தள்ளி, பலகை மேல் காலடி. திரும்பினேன். பனிக்குள் ஆரஞ்சு நிறம். வால்தான். மனசுக்குத் தெம்பாக இருந்தது.

6:38. திரும்ப வேண்டிய கம்பம். பக்கத்தில் ஒரு பெஞ்ச். நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலித்தது. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. கையை ஊன்றினேன். பெஞ்ச் முழுக்கப் பனி ஈரம்... நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் உலர்ந்திருந்தது.

தொட்டேன். சூடாக இருந்தது.

“உக்காராதே, கண்ணு.” பின்னாலிருந்து ஒரு வயதான பெண் குரல்.

“கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்மா.”

“நடந்துகிட்டே வாங்கு. உக்காராதே.”

கம்பத்தைச் சுற்றித் திரும்பினேன். இப்போது அந்த அம்மா எனக்கு எதிரே வர வேண்டும். பத்து அடி போனேன். இருபது. நாற்பது.

எதிரே யாருமில்லை.

இறங்கிப்போக வழியும் இல்லை.

டக்... டக்... டக்...

சத்தம் மறுபடி எனக்குப் பின்னால்.

நின்றேன்.

“நிக்காதே! இன்னும் ஒருத்தர் பின்னாடி வர்றார்.”

வால்தானே கடைசி? வாலுக்குப் பின்னால் யார்?

அப்போது இன்னொரு காலடி கேட்டது. கனமாக. ஈரமாக. சரக்... சரக்... கூடவே மூச்சு. மரம் அறுக்கிற மாதிரி. என் மூச்சைப் போலவே.

ஓடினேன்.

இடது பக்கம் கம்பி. வலது பக்கம் கம்பி. கீழே தண்ணீர். ஓட மட்டும்தான் முடியும்.

சரக். சரக். பக்கத்தில்.

டக் டக் சத்தம் கேட்கவில்லை.

அந்த மூச்சு என் பிடரியில்...

7:06. கோட்டைத் தாண்டி விழுந்தேன். நோலீனின் கடிகாரம் ‘டிக்’ என்றது. உடனே இன்னொரு டிக். சில நொடி கழித்து மூன்றாவது.

“இருபத்தைந்து ஆண்டு உறக்கம் கலைத்த வீரரே!” என்று ஒலிபெருக்கியோடு வந்தார் டெஸ்மண்ட்.

“வால் எங்கே? அந்த அம்மா எங்கே?”

ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். “இன்னைக்கு வாலே இல்லப்பா. வர வேண்டியவனுக்குக் காய்ச்சல். மேலங்கி என் கார்லதான் கிடக்கு. எப்படியும் நீதான் கடைசின்னு... விட்டுட்டேன்.”

நோலீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உன்னைக் ‘கண்ணு’ன்னு கூப்பிட்டாளா?”

அவள்தான் சொன்னாள். ஐந்து வருடம் முன்பு மெர்ல் என்ற அம்மா வாலாக இருந்தாள். ஒரு மழை நாளில் கடைசியாக வந்தவர் லயனல். பல வருடம் கழித்து அன்றுதான் ஓட வந்திருந்தார். ‘நீங்க போங்க, பெஞ்ச்ல உக்காந்துட்டு வர்றேன்’ என்றிருக்கிறார். மெர்ல் குளிர் தாங்காமல் முன்னால் வந்துவிட்டாள். மத்தியானம் போய்ப் பார்த்தபோது, அவர் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு வாரம்கூட விடாமல் மெர்ல்தான் வால். யாரையும் உட்கார விட்டதில்லை.

“அவ போனப்புறம் வால் இல்லாம நாம ஓடினது இன்னைக்குத்தான். அந்த பெஞ்சையும் லயனல் செத்த வாரமே பிடுங்கிட்டாங்க, ராட்.”

என் உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது.

“பனியில நிழல் தெரிஞ்சா என் விரல் தானா அமுக்கிடும்...” கடிகாரத்தைக் காட்டினாள். ஓடியவர்கள் நாற்பத்தேழு பேர். பதிந்திருந்தது நாற்பத்தொன்பது.

கடைசி மூன்று: 58:12. 58:13. 58:20.

“முதல்ல இருக்கிறது நீ. இருபது வந்திருக்கே, அதுதான் மெர்ல். எப்பவும் தள்ளித்தான் நடப்பா. எப்பவும் அவதான் கடைசி.”

“நடுவுல?”

நோலீன் கடிகாரத்தை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

எனக்கும் அவருக்கும் இடையே ஒரு நொடி.