மாப்பிள்ளை காருக்கு ஸ்பிரிங்

கத்தியை உறையின் ஓரத்தில் வைத்து நீளவாக்கில் கீறினார். ஸ்பிரிங்கின் மேல்சுற்றுகளைப் போர்த்தியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் உறை பிளந்து கழன்று வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஸ்பிரிங்கிலும் அப்படியே செய்தார்.

“என்ன மாமா, உள்ளேயே குடித்தனம் பண்றீங்களா?” பட்டறை வாசலிலிருந்து மாப்பிள்ளை கேட்டான்.

“ஆச்சு மாப்பிள்ளை. மாட்ட வேண்டியதுதான்.”

“போன தடவை மாதிரி ஆயிடப்போகுது.”

“இது வேற ஸ்பிரிங்கு. கீழ இடிக்காது.”

அது உண்மைதான். அந்தக் காருக்கு அதைவிடப் பொருத்தமான ஸ்பிரிங் கிடையாது. காரை முப்பது மில்லிமீட்டர் இறக்கும். மேலே நெருக்கமான சுற்றுகள், கீழே வரவர அகலமானவை. மெதுவாகப் போனால் மென்மை, வளைவில் வேகமாகத் திருப்பினால் இறுக்கம். காரின் எடையில் மேல்சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். மேடுபள்ளத்தில் பிரிந்து மறுபடி மோதும். இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்கத்தான் அந்த உறை. அது இல்லாவிட்டால் பத்து நாளில் பெயின்ட் தேய்ந்து டொக் டொக் என்று ஆரம்பித்துவிடும்.

சத்தம் வந்தால் கார் திரும்பி வரும். கார் வந்தால் அதில் மகள் வருவாள்.

அவள் வெளியே பக்கத்து டயர்க்கடைக்காரர் போட்ட நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆள் உள்ளே இருந்தால் காரைத் தூக்க மாட்டேன் என்பது பட்டறையில் முதல் நாளிலிருந்து இருக்கும் சட்டம். நான்கு ஸ்பிரிங்கும் மாற்ற நாலு மணி நேரம் ஆகும். அவருக்கு மூன்று போதும். நாலு எடுத்துக்கொள்வார்.

முப்பத்தொரு வருடமாக ஸ்பிரிங் வேலை. எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வார். வீட்டில் கதவு இடித்தால்கூட “ரெண்டு மில்லி சீவணும்” என்பார். அதனால் தெருவில் அவருக்கு மில்லி என்று பெயர். “பேரைக் கேட்டா பெரிய குடிகாரர்னு நினைப்பாங்க, ஆளைப் பார்த்தா மோர்கூடக் குடிச்சிருக்க மாட்டார்” என்பார் டயர்க்கடைக்காரர்.

வேகமான காரை வைத்துக்கொண்டு தாழ்வாக இறக்கித் தரச் சொல்லி வரும் பையன்களிடம் அவர் மூன்று கேள்வி கேட்பார். எந்த ரோடு? பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? எத்தனை மாசத்தில் விற்கப்போகிறாய்? பதில் பிடிக்காவிட்டால், “தம்பி, உனக்கு வேண்டியது காரா கட்டிலா? தரையில படுக்கணும்னா கட்டிலை வித்துடு” என்று அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பப்பட்டவர்கள் வேறு இடத்தில் ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு அவரிடமே வந்ததும் உண்டு.

மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கல்யாணமாகி எட்டாம் மாதம் மகள் ஒரு பையுடன் வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் இருந்தாள். என்ன நடந்தது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். மனைவி அவரிடம் சொன்னபோது, “புது ஸ்பிரிங்கு மாதிரிதான். கொஞ்சம் ஓடினா உக்காந்துடும்” என்றார். நான்காம் நாள் காலை அவரே கொண்டுபோய் விட்டார். மாப்பிள்ளை வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டான். “இனிமே நீங்க ரெண்டு பேரும் இந்தப் படி ஏற வேண்டாம் மாமா. அவளும் அங்க வர வேண்டியதில்லை” என்றான். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து மகளின் போனை அவன்தான் எடுத்தான்.

அதன் பிறகு ஒருநாள் அவனே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். இரண்டு கதவு, பெரிய எஞ்சின். ஊரில் இந்த வேலைக்கு வேறு நல்ல ஆள் இல்லை. மாமனார் தன் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கவும் அவனுக்குப் பிடித்திருந்தது. குனிந்து குனிந்து பார்த்தான். பக்கத்து சீட்டில் மகள் இருந்தாள். அவளைத் தனியாக வீட்டில் விட்டு அவன் எங்கும் போவதில்லை. அக்கம்பக்கத்தில் அதைப் பிரியம் என்றார்கள்.

போனில் ஒரு படத்தைக் காட்டி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது என்றான். ஐம்பது மில்லி இறக்கம். மற்றவனாக இருந்தால் விரட்டியிருப்பார். இவனுக்கு அந்த ஸ்பிரிங்கை வாங்கி மாட்டிக் கொடுத்தார். பள்ளத்துக்குப் பள்ளம் கார் அடிரப்பரில் போய் இடித்தது. இரண்டே வாரத்தில் திரும்பி வந்தது. அவளும் வந்தாள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

அன்று உறை இல்லாமல் மாட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: “எப்படி இருக்கா?”

“இருக்கா.”

“இளைச்சிருக்காளா?”

“ஒரு கிலோ குறைஞ்சிருக்கும்.”

“கண்ணாலயே எடை போடுவீங்களே. பேசினாளா?”

“சாப்பிட்டீங்களான்னு கேட்டா.”

“திரும்ப எப்ப வருவாங்க?”

“பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்” என்றார்.

பதினோராம் நாள் வந்தார்கள். அவர் சத்தத்தைத் தேடுபவர் போலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகத்தைச் சுளித்தார். தேவையில்லாத நட்டுகளை இறுக்கினார். மேல்சுற்றுகளில் கிரீஸ் தடவினார். கிரீஸ் ஒரு வாரம் தாங்கும். மாப்பிள்ளை சிகரெட் பிடிக்கத் தெருமுனைக்குப் போன ஏழு நிமிடத்தில், மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவை மகளிடம் கொடுத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மறுபடி வந்தார்கள்.

“அண்ணே, உங்களுக்குக் காது போயிடுச்சு போல” என்றார் டயர்க்கடைக்காரர். “அந்தச் சத்தம் எனக்கே என்னன்னு தெரியுது.”

“உங்க வேலையைப் பாருங்க.”

“பார்க்கிறேன். டயர் வட்டமாத்தான் இருக்கு.”

காரை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். மாப்பிள்ளை தெருமுனைக்குப் போனான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு டீ டம்ளரை மகளிடம் நீட்டினார். அவள் இடது கையால் வாங்கினாள். வலது கை மடியிலேயே இருந்தது.

“என்னம்மா கையில?”

“ஒண்ணுமில்லப்பா.”

“தூக்கு பார்ப்போம்.”

தூக்கினாள். தோள் உயரத்துக்கு வரவில்லை. இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்தார்கள்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? இந்தச் சத்தத்தை மட்டும் எப்படியாவது நிறுத்திடுங்க.”

“காருன்னா சத்தம் வரத்தான் செய்யும் பாப்பா.”

“மேடு வரும்போதெல்லாம் டொக்குங்கும். டொக்குன்னதும் திரும்பி என்னைப் பார்ப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார். எண்ணிக்கிட்டே வருவார்ப்பா. வீட்டுக்குப் போனதும்தான்.” டீயை ஒரு வாய் குடித்தாள். “உங்கப்பன் வேணும்னே பண்றான்கிறார். எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கை.”

அவர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல்களில் ஒன்றும் இல்லை.

“நீ வந்துடும்மா. இப்பவே. அம்மா இருக்கா.”

“போன தடவை வந்தேனேப்பா” என்றாள். குரலில் குற்றம் சாட்டுவது போல ஒன்றும் இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

மாப்பிள்ளை திரும்பி வருவது தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்று அவர் வேறு வேகத்தில் வேலை செய்தார். நான்கு ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினார். பழைய உறைகள் இழுப்பறையில் இருந்தன, ஆனால் கீறியவை உதவாது. தடித்த ரப்பர் குழாயை அளந்து வெட்டி, மேல்சுற்றுகளில் ஏற்றி, இரண்டு முனையிலும் கட்டினார். ஸ்பிரிங்கின் நுனி அதைத் தாங்கும் கிண்ணத்தின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தார். காரைத் தரையில் இறக்கி, அது தன் எடையில் நின்ற பிறகே சக்கரங்களைத் தாங்கும் கீழ்க்கைகளின் போல்ட்டுகளை முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து ஆறு மாதத்தில் வேறு ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. பிறகு நான்கையும் முறுக்கினார்.

“ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாம். ஏறுங்க மாமா” என்றான் மாப்பிள்ளை.

மகளின் சீட்டில் அவர் உட்கார்ந்தார். கதவுக் கைப்பிடியில் தோல் உரிந்து கீழே இருந்த பஞ்சு தெரிந்தது. விரல்கள் தாமாகவே அங்கே போய்ப் பிடித்தன. முதல் வேகத்தடை வந்தது. மாப்பிள்ளை ரோட்டைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். சத்தம் இல்லை. இரண்டாவது வந்தது. மறுபடி பார்த்தான். உடைந்த சாலையில் வேண்டுமென்றே வேகமாக விட்டான். ரப்பரில் ரப்பர் அமுங்கும் மூச்சு மட்டும் கேட்டது. பத்தொன்பது மேடு. அவரும் எண்ணினார்.

“என்ன பண்ணீங்க?”

“மேல ஒரு ரப்பர் போட்டேன்.”

“அவ்வளவுதானா? இதை முதல்லயே போட்டிருக்கலாம்ல?”

“தெரியலை மாப்பிள்ளை.”

“முப்பது வருசமா இதைத்தான் பண்றீங்க, தெரியலையா?” சிரித்தான். “வயசாச்சு மாமா. கடையை மூடிட்டு வீட்ல இருங்க. இனிமே இதுக்கு இங்க வர வேலை இருக்காதே?”

“இருக்காது.”

“நிச்சயமா?”

“இந்த ஸ்பிரிங்கு காரைவிட அதிக நாள் இருக்கும்.”

பட்டறை வாசலில் மகள் எழுந்து நின்றிருந்தாள். அவர் இறங்க, அவள் ஏறினாள். கதவைச் சாத்தும் முன் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் முகம் தளர்ந்தது. கார் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதுவரை நின்று காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்தார். ஒரு சரக்கு வேனுக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மாற்றினார். மனைவி டப்பாவில் இருவருக்கான சாப்பாடு வைத்திருந்தாள். பாதியை டயர்க்கடைக்காரரிடம் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டதா என்று அவர் கேட்டார், நின்றுவிட்டது என்றார் இவர். மதியம் மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. நாலு மணிக்கு ஒரு பையன் வந்து காரை ஐம்பது மில்லி இறக்க வேண்டும் என்றான். முடியாது என்று அனுப்பினார். ஆறரைக்குப் பூட்டினார். வீட்டில் மனைவி, திரும்ப எப்போது வருவார்கள் என்று கேட்டாள். கார் சரியாகிவிட்டது என்றார். அவள் அடுப்படிக்குப் போனாள். அவர் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.