அவள் கேட்டால் சொல்வதற்கு

அப்பாவின் சிகிச்சைக்காக அடையாறில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. தினமும் காலையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் வாழைப்பழம், ஊறவைத்த வேர்க்கடலை, சோயா பால், ஏலக்காய் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து வடிகட்டுவார். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த மனைவிக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் புரோட்டீன் ஸ்மூத்தி அது. எடுத்துப் போகுமுன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்.

“குழாய்ல போறதுக்கு ருசி எதுக்கு சார்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“எழுந்ததும் கேப்பாம்மா, இத்தன நாளா என்னத்தக் குடுத்தீங்கன்னு. நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்ல?”

அடுத்த வாரம் அவர் அறை பூட்டியிருந்தது. மனைவி பிழைத்தாளா என்று மேனேஜரிடம் விசாரிக்கப் போனவள், விசாரிக்காமலே திரும்பினேன். இன்றும் அந்தக் கதவு கனவில் வருகிறது, பூட்டியபடியே.