நஞ்சுக்கொடியில் உறைந்த ரத்தம்

முதலில் பழுப்பு நிறத்தில்தான் வரும். ராஜபாளையத்தில் காயங்களுக்குக் கட்டும் துணியை மடிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கண்முன்னே வெள்ளைத் துணி. அங்கிருந்து கழிப்பறைக்குப் போய் உள்ளாடையில் அந்தக் கறையைப் பார்த்தபோது, கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கதவைத் தாழிட்டபடியே நின்றேன்.

இரண்டு கருக்கள் மூன்றாம் மாதத்தில் போயின. முதல்முறை எல்லோரும் சகஜம் என்றார்கள். இரண்டாம் முறை சூடு என்றார்கள். பப்பாளியை விட்டேன், எள்ளை விட்டேன், மாம்பழ சீசனில் மாம்பழத்தையும் விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனபோது அவர் இது எதையும் கேட்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால், வெளியே வருவதை வீசிவிடாமல் சுத்தமான டப்பாவில் போட்டு உடனே கொண்டுவரச் சொன்னார். காரணம் அதில்தான் இருக்கும் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கோ, இன்னொரு முறையும் உண்டு என்று அவரே முடிவுசெய்துவிட்டது போல இருந்தது.

உண்டாகத்தான் செய்தது. நான்காம் மாதம், மம்சாபுரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. என் மாமியார்தான் கூட இருந்தார். நான் அவரை அத்தை என்பேன். கணவர் செல்வம் தன் லோடு ஆட்டோவிலேயே எங்களைக் கூட்டிப்போனார். எவர்சில்வர் டப்பாவை அத்தை வழிநெடுக மடியில் வைத்திருந்தார்.

டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“மஞ்சத்தண்ணி ஊத்துனீங்களாம்மா?”

“ஆமா தாயி. கழுவித்தான் கொண்டாந்தேன். பச்சப்புள்ளைய அப்படியே எப்படி வெளிய கொண்டு போறது?”

டாக்டரம்மா அத்தையைத் திட்டவில்லை. கருவின் குரோமோசோம்களை (பரம்பரைக் குணங்களைத் தாங்கும் இழைகள்) பார்க்கும் பரிசோதனைக்கு இனி இதை நம்பி அனுப்பமுடியாது என்று என்னிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லிமாளாது. மூன்று போய், ஒன்றே ஒன்று கையில் மிஞ்சியது, அதையும் மஞ்சளாக்கிவிட்டாரே என்று இருந்தது. ஆனால் அதுவரை போன ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் ‘கரு’ என்றார்கள், ‘சதை’ என்றார்கள். பிள்ளை என்று சொன்னது அத்தை மட்டும்தான். அவர் என் கையைப் பிடித்திருந்தார். ஆத்திரம் இருந்தும் நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

நஞ்சுக்கொடியை (தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்கு உணவும் மூச்சும் கொண்டுசேர்க்கும் உறுப்பு) நுண்ணோக்கியில் பார்க்க மஞ்சள் தடையில்லை என்று அதை மதுரைக்கு அனுப்பினார். அதன் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவற்றில் ரத்தம் உறைந்து அடைத்திருந்ததாக முடிவு வந்தது. பிள்ளைக்கு மூச்சு போகவில்லை. பிறகு என் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (நம் உடம்பே தவறாகத் தயாரித்து, ரத்தத்தை உறையவைக்கும் பொருள்) அதிகமாக இருந்தது. காய்ச்சல், தொற்று வந்தாலும் சிலகாலம் இப்படிக் காட்டுமாம். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பலருக்குக் காரணமே அகப்படாது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு அகப்பட்டது. அதில் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன், பயம்தான் கூடியது. இத்தனை காலமும் வெளியே தேடிய ஒன்று எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான்காவது உண்டானதும் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையும், தினமும் ஹெப்பாரின் ஊசியும் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தொடங்கினார்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நானே போட்டுக்கொள்ள வேண்டும். லோடு ஆட்டோவில் இரும்புக் கம்பி ஏற்றி இறக்குகிற மனிதர் செல்வம், ஊசியைப் பார்த்ததும் “நான் செத்த நேரம் வெளிய நிக்கேன்” என்று நழுவிவிடுவார். தொப்புளைச் சுற்றி நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போனது. குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

வளைகாப்பு வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. பிள்ளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு ஒவ்வொரு முறை படுக்கும்போதும், திரையைப் பார்க்கமாட்டேன். டாக்டரம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். எட்டாம் மாதக் கடைசியில் அந்த முகம் மாறியது. ஓட்டம் குறைகிறது, இனி வைத்திருக்கக் கூடாது என்றார். அன்றே ஆபரேஷன்.

பெண் பிள்ளை. அத்தையின் உள்ளங்கையிலேயே பாதி அடங்கிவிடும் போல இருந்தாள். சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பால் உறிஞ்சப் பழகியதும் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்ச ஊசிகளைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பிள்ளையைக் காட்டப் போனபோது, பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“புள்ளதான் பொறந்துருச்சே டாக்டர்.”

“இப்ப போடுறது புள்ளைக்கு இல்லம்மா, உங்களுக்கு. பிரசவத்துக்குப் பொறவுதான் கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறையுறதுக்கு ரொம்ப வாய்ப்பு. உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே ஆரம்பிங்க.”

பஸ்ஸில் வரும்போது காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று பிள்ளைகள் போனபோதும், நாலாவதைச் சுமந்தபோதும், செத்துப்போகக்கூடியவள் நான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் உடம்பு பிள்ளை தங்குகிற இடம், அல்லது தங்காத இடம். அவ்வளவுதான். இப்போது மடியில் கிடப்பவள் பள்ளிக்கூடம் போவதையும் பெரியவளாவதையும் நான் இருந்து பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஆசையோடு பயமும் வந்தது.

வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தேன். தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தினேன். அத்தனை மாதங்களில் அன்றுதான் எனக்கு வலித்தது.