வீட்டுக்குள் இரண்டு ஆடி

என் தம்பி சின்னராசாவின் பெண்சாதி ஜெகதீஸ்வரிக்கு ஜீப் சத்தம் கேட்டால் போதும். கையில் இருப்பது சட்டியோ சுளகோ, அது அப்படியே கிடக்கும். ஆளைக் குசினிக்குள் காண முடியாது. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோல் போரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். எங்கள் ஊர் முரசுமோட்டைக்குள் ஓடுவதே மூன்றோ நாலோ ஜீப்தான். ஒன்று நீர்ப்பாசனக்காரருடையது, ஒன்று நுளம்புக்கு மருந்தடிக்கிறவர்களுடையது. "அடியே, அவங்கள் நுளம்பைப் பிடிக்க வாறாங்கள், உன்னைப் பிடிக்க இல்லை" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். கேட்டால்தானே! இன்றைக்கு இந்த நாட்டுப் பிரசை என்ற பத்திரம் அவளுடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. பத்திரம் கைக்கு வந்து நாலு வருடமாகிறது. இன்னும்தான் ஓடுகிறாள்.

அவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லுவேன். சொல்லி முடிக்கும்போது யாரும் சிரிப்பதில்லை. அதில் என் பிழையும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன்.

ஜெகதீஸ்வரி வேதாரணியத்துப் பிள்ளை. எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியின் மகள். சின்னராசா கடல் தாண்டிப் போய்த் தாலி கட்டினான். கட்டினான், ஆனால் கூட்டிக்கொண்டு வந்து வைத்திருக்க முடியவில்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் கடுதாசி முளைத்துவிட்ட காலம் அது. உல்லாசப் பயணிக்குக் கொடுக்கிற விசாவில்தான் அவள் புருசன் வீட்டுக்கு வந்தாள். மூன்று மாதம், கெஞ்சினால் இன்னும் மூன்று மாதம், பிறகு தலைமன்னாரில் கப்பல். நிரந்தரமாக இருக்கக் கேட்டு எழுதிப்போட்ட விண்ணப்பத்துக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை. கட்டின புருசனிடம் விருந்தாளியாக வந்து போன பெண்ணை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டேன்.

இரண்டு பிள்ளை அவளுக்கு வயிற்றிலேயே போனது. இரண்டாவது, நாள் முடிந்து திரும்பிப் போகும்போது. கப்பலில் ஏறினதிலிருந்து சத்தி எடுத்தபடி போனவளுக்கு, தனுஷ்கோடியில் இறங்கி ரயில் ஏறின பிறகு எல்லாம் முடிந்தது. ஆறு மாதப் பிள்ளை. ஆண். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனுசி தன் சேலையைக் கிழித்துக் கொடுத்தாளாம். இதைச் சொன்னபோதும் ஜெகதீஸ் அழவில்லை. "நாள் முடிஞ்சிருச்சு அண்ணி, வேற என்ன பண்றது" என்றாள்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரையில் அவள் மறுபடி வந்தபோது, முந்தின தரம் இங்கே நின்றபோது தரித்த மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. சொன்னால் கப்பலில் ஏற விடமாட்டார்கள் என்று தாய்க்கும் சொல்லாமல் வந்திருந்தாள். அவ்வளவு பயந்தவளுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ, நானறியேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரி டாக்குத்தர் பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்கும்வரை கப்பலும் கூடாது ரயிலும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வந்த அன்றைக்கே பாஸ்போட்டை என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கரவெட்டியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்ற பெருமை வேறு. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து, ஜூலை இருபது என்று கண்டு, வாயால் சொன்னேன்.

"ஆடி இருபது மட்டும் நிக்கலாம். அதுக்குள்ள டாக்குத்தரின்ர கடிதத்தோட எழுதிப்போட்டால் நீட்டித் தருவினம்."

"ஆடி இருபதுங்களா?"

"ஓமோம். ஆடி இருபது."

அவள் அதை மந்திரம் போல மூன்று முறை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தேதியை நினைக்கவே இல்லை. சிறுபோக வெள்ளாமை கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. சின்னராசா வாய்க்காலே கதியென்று கிடந்தான். இன்னொன்றும் உண்டு. ஜெகதீஸை விடப் பயந்தவள் இந்த வன்னியில் எவள்? அவள் மறக்கமாட்டாள் என்று நம்பி நாங்கள் எல்லாரும் மறந்தோம். அவளும் மறக்கவில்லை, பாவி. ஆடிப்பிறப்பன்று நான் கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்து, வாழையிலையில் படைத்தேன். இரண்டு சிரட்டை கூழ் குடித்துவிட்டு, குசினிச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்தாள். மறுநாள் இன்னொரு கோடு. ஏதோ பால்காரன் கணக்கு என்று நான் கேட்கவும் இல்லை.

ஒரு புதன்கிழமை காலை, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஜெகதீஸ் சுவரைப் பார்த்து விரல் விட்டு எண்ணிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. கடிதாசியை இன்னிக்குப் போட்டுடலாமா?"

"என்ன ஏழு நாள்?"

"ஆடி இருபதுக்கு. இன்னிக்குப் பதிமூணு ஆயிடுச்சுல்ல?"

கை அப்படியே துருவலையில் நின்றது. உள்ளங்கையில் பல் கிழித்ததும் தெரியவில்லை. அன்றைக்கு ஜூலை இருபத்தொன்பது.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஜனவரியைத் தை என்போம், ஜூலையை ஆடி என்போம். சம்பளம், கடிதம், கோடு கச்சேரி வழக்கு எல்லாம் அந்த ஆடியில். கூழும் கொழுக்கட்டையும் பஞ்சாங்கத்து ஆடியில், அது பிறக்கிறது ஜூலை பதினேழாம் தேதி. இரண்டையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டு, ஒருநாளும் தடக்குப்படாமல் இருந்துவிட்டோம். அக்கரையில் அவர்களுக்கு ஒரே ஒரு ஆடிதான். கூழ் குடித்த அன்றைக்குப் பிறந்த ஆடியை எண்ணாமல் அவள் வேறெதை எண்ணுவாள்? அவளுடைய நாள் முடிந்து ஒன்பது நாளாகிவிட்டது.

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். "கப்பல்ல ஏத்திடுவாங்களா அண்ணி?" என்று ஒரே கேள்வி.

சின்னராசா வயலிலிருந்து ஓடிவந்தான். முழங்கால் வரை சேறு.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாமல் விடுவம். பிள்ளை பிறக்குமட்டும் உள்ளுக்க வைச்சிருப்பம்."

"விசரே உனக்கு? ஆஸ்பத்திரியில பேர் பதிய வேண்டாமே? விதானையாருக்கு இவள் எப்ப வந்தவள் எண்டு தெரியாதே? ஆரேன் ஒருத்தன் மொட்டைக் கடிதம் போட்டால் பொலிசு ஜீப்பில வந்து இழுத்துக்கொண்டு போகும். கள்ளத்தோணியில வந்த ஆக்களோட ஆளாய் அடைச்சு வைப்பாங்கள். அங்க எந்த டாக்குத்தர் வாறது?"

"அப்ப என்னக்கா செய்யிறது?"

"கொழும்புக்குப் போறது. விசாக் கந்தோரில நேர நிக்கிறது. இவளின்ர வயித்தை அவங்கள் கண்ணால காணவேணும்."

துணிந்து சொல்லிவிட்டேன். ஆனால் முந்தின வருடம்தான் தமிழரை அடித்துத் துரத்திய கலவரம். கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களைக் கிளிநொச்சி ஸ்ரேசனில் கண்ட கண் இது. ரயிலே கூடாது என்று டாக்குத்தர் சொன்ன பிள்ளையை மறுநாள் காலை நானே ரயிலில் ஏற்றினேன். அனுராதபுரம் தாண்டினதும் பெட்டியில் தமிழ்க் கதை குறைந்தது. எங்கள் பேச்சே ஆபத்து, அவளுடைய பேச்சு அதைவிட ஆபத்து. 'ஆமாங்க' என்று ஒரு சொல் போதும், எந்தக் கரை என்று தெரிந்துவிடும். "வாயைத் திறவாதை, ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லு" என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கண்ணை மூடுவாள். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு போனேன். தனுஷ்கோடி ரயிலில் கிழிந்த அந்தச் சேலைதான் என் நினைவில் நின்றது.

அன்று சின்னராசாவோடு மூன்று பேருமாகக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை காலை கந்தோருக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மனிதனுடைய பாஸ்போட்டில் சிவப்பு மையால் ஏதோ எழுதி, அவனை இரண்டு பேர் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஜெகதீஸின் விரல்கள் என் கையில் பதிந்து நோவெடுத்தது.

பெரிய மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள உத்தியோகத்தர். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிளார்க், செல்வநாயகம் என்று பெயர்ப்பலகை. உத்தியோகத்தர் முத்திரையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், டாக்குத்தரின் கடிதத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பதினொரு நாள் பிந்தி ஏன் வந்தாய் என்று இங்கிலீசில் கேட்டார். செல்வநாயகம் தமிழில் கேட்டார்.

காய்ச்சல் என்று பொய் சொல்ல நான் ஆயத்தமாக வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் ஜெகதீஸ் முந்திக்கொண்டாள்.

"நாள் இன்னும் முடியலீங்களே ஐயா. இன்னிக்கு ஆடி பதினஞ்சுதானுங்க. இன்னும் அஞ்சு நாள் இருக்குங்க."

அட கோதாரி! கெடுத்தாளே என்று நினைத்தேன். பிந்திவிட்டது என்று தெரிந்த பிறகும், பயத்தில் அவளுக்கு அந்த ஒரே கணக்குத்தான் வாயில் வந்திருக்கிறது. சின்னராசா சுவரில் சாய்ந்துவிட்டான்.

செல்வநாயகம் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உமக்கு ஆடி இருபது எண்டு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் எண்ணிக்கிட்டேன்."

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்திலும் வரவில்லை!

"பொய் சொல்லுறாள் ஐயா. நான்தான் வாசிச்சனான். ஜூலை எண்டு கண்டு ஆடி எண்டு சொன்னனான். அவள் ஆடிப்பிறப்பில இருந்து எண்ணிப்போட்டாள். பிழை என்னுடையது. என்ன தண்டனை எண்டாலும் எனக்குத் தாங்கோ, அவளைக் கப்பலில மட்டும் ஏத்தாதேங்கோ. ரெண்டு பிள்ளை போட்டுது ஐயா."

செல்வநாயகம் உத்தியோகத்தரிடம் திரும்பி நீளமாகப் பேசினார். உத்தியோகத்தர் நம்பவில்லை. உங்கள் ஆட்களுக்கு வருடத்தில் எத்தனை ஜூலை என்று எரிச்சலோடு கேட்டார். அது எனக்கு விளங்கியது, விளங்காமல் இருந்திருக்கலாம். செல்வநாயகம் தன் மேசையிலிருந்த நாள் கிழிக்கும் கலண்டரைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். கொட்டாஞ்சேனைத் துணிக்கடை ஒன்று கொடுத்த தமிழ்க் கலண்டர். நடுவில் பெரிதாக முப்பத்தொன்று, கீழே சின்ன எழுத்தில் ஆடி பதினைந்து.

உத்தியோகத்தர் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ! அந்த நேரம் முழுவதும் சிவப்புப் பேனா அவர் கையில் திறந்தபடி இருந்தது. கடைசியில் கலண்டரின் அந்தத் தாளைக் கிழித்தார், டாக்குத்தரின் கடிதத்தோடு வைத்துக் குண்டூசி குத்தினார். பேனாவை மூடி வைத்துவிட்டு, நீல முத்திரையை எடுத்தார்.

மூன்று மாதம் நீட்டித் தந்தார்கள். இனிமேல் ஒரு நாள் பிந்தினாலும் எந்தக் கலண்டரும் காப்பாற்றாது என்று சொல்லி அனுப்பினார்கள். செல்வநாயகம் வாசல்வரை வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒக்டோபர் இருபது. ஐப்பசி எண்டு தப்பித் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ, அம்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். ஊருக்கு வந்ததும் ஜெகதீஸ் சுவர்க் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். என்னை ஒரு சொல் குறைசொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் எந்தத் தேதி சொன்னாலும், "எந்தக் கணக்குல அண்ணி?" என்று கேட்காமல் விட்டதில்லை. கேட்கட்டும், எனக்கு வேண்டும்.

செப்ரெம்பர் இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தான். உயிரோடு பிறந்தான், தொண்டை கிழியக் கத்தினான். சின்னராசா வெளியில் நின்று விம்மி விம்மி அழுதான். பிறப்புப் பதிவதற்காக நேர்ஸ் ஒரு துண்டு எழுதி என் கையில் தந்தாள். அதைப் பிடித்தபடி உள்ளே போனேன். ஜெகதீஸ் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த கடுதாசியைத்தான் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அண்ணி, புள்ளைக்கு எத்தனை நாள் குடுத்திருக்காங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், பெற்ற பிள்ளையைப் பாராமல் கடுதாசியைப் பார்க்கிறாளே என்று வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினேன்.

"விசர்ப் பிள்ளை. இவனுக்கு ஒருத்தரும் நாள் குடுக்கத் தேவையில்லை. இவன் இஞ்ச பிறந்தவன், சின்னராசாவின்ர பிள்ளை. இவனை ஒருத்தரும் அனுப்பேலாது."

அவள் அதைக் கேட்டு மெல்லத் தலையாட்டினாள். பிறகு பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அப்போ எனக்குத்தான் இருபத்தெட்டு நாள்" என்றாள்.

நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இந்த முறை அவள் கணக்குச் சரியாக இருந்தது.